வாசகர் கேள்வி–பதில்: பயணத்தில் படங்களைக் காட்ட டேப்லட் போதுமா?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குவதால் இம்மாதம் வந்த கடிதங்களில் பல பயணத்தைப் பற்றியவை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் தம் புகைப்படங்களைப் பிறருக்குக் காட்ட டேப்லட்டைப் பயன்படுத்துவது எப்படி என்று புகைப்படக் கலைஞர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இப்பகுதி முழுவதும் அவர்களுக்கே. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் வட்டாரத்தையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் திருமணங்களுக்குப் படம் எடுப்பவன். டிசம்பரில் சென்னைக்கும் மதுரைக்கும் செல்கிறேன். சிங்கப்பூரில் திருமணம் நடத்தவிருக்கும் இரண்டு குடும்பத்தாரை அங்கே சந்தித்து என் படங்களைக் காட்ட வேண்டும். இதுவரை கனமான இரண்டு ஆல்பங்களையும் மடிக்கணினியையும் சுமந்து சென்றேன். அவற்றுக்குப் பதிலாக ஒரு டேப்லட் போதுமா? போதுமென்றால் எந்த அளவில் வாங்குவது?
– திருமணப் படப்பிடிப்பாளர், ஈசூன்

மடிக்கணினியைத் தயங்காமல் வீட்டில் வைத்துவிட்டுச் செல்லலாம். ஆல்பங்களில் ஒன்றை மட்டும், அதுவும் சிறியதாகப் பார்த்து, எடுத்துச் செல்லுங்கள். திருமண வீட்டார் கடைசியில் உங்களிடம் விலை கொடுத்து வாங்கப்போவது ஆல்பம்தான். அதன் தாள், தையல், அட்டை ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்காமல் பெரியவர்கள் முடிவு சொல்ல மாட்டார்கள். படங்களின் தரத்தைக் காட்டும் வேலையை டேப்லட் முழுமையாக ஏற்றுக்கொள்ளும். மடிக்கணினியைத் திறந்து வைத்தால் அதன் விசைப்பலகைப் பக்கம் நீங்களும் திரைப்பக்கம் அவர்களுமாக ஒரு தடுப்பு எழுந்துவிடுகிறது. டேப்லட்டோ கைமாறிக் கைமாறிச் செல்லக்கூடியது; மணப்பெண்ணின் பாட்டி அதைத் தம் மடியில் வைத்துப் பார்க்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, கடையில் திரையின் மூலைவிட்ட நீளத்தை மட்டுமே சொல்வார்கள். படம் காட்டுபவருக்கு அதைவிட முக்கியமானது திரையின் நீள அகல விகிதம். பெரும்பாலான கேமராக்கள் தரும் படத்தின் விகிதம் 3:2. ஐபேட்களில் பெரும்பாலானவற்றின் திரை 4:3 அல்லது அதற்கு மிக நெருக்கமானது. சாம்சங் கேலக்சி டேப் வகைகளில் பல 16:10. படம் 16:10 திரையை ஏறத்தாழ நிறைத்துவிடுவதாலும், 4:3 திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தெரிவதாலும், முன்னதே நல்லது என்று விற்பவர் சொல்லக்கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியன்று. 11 அங்குலத் திரை ஒன்றில், 4:3 விகிதமானால் கிடைமட்டப் படம் சுமார் 8.8 அங்குல நீளத்துக்கு விரியும். 16:10 விகிதமானால் 8.7 அங்குலம். வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

உண்மையான வேறுபாடு செங்குத்துப் படங்களில்தான் வெளிப்படுகிறது. பார்ப்பவர் யாரும் ஒவ்வொரு செங்குத்துப் படத்துக்கும் டேப்லட்டைத் திருப்பிப் பிடிக்க மாட்டார். கிடைமட்டமாகப் பிடித்தபடியே தள்ளிக்கொண்டு போவார். அந்த நிலையில் 11 அங்குல 4:3 திரையில் செங்குத்துப் படம் 6.6 அங்குல உயரத்துக்கு வரும். 16:10 திரையில் 5.8 அங்குலம் மட்டுமே. பரப்பளவில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இழப்பு. மாலை மாற்றும் காட்சி, மணமகளின் முழு உருவம், தாலி கட்டும் நேரத்துக் கைகள் என்று திருமணப் படங்களில் செங்குத்தானவை நிறைய இருக்கும் என்பதால், உங்களுக்கு 4:3 திரையே பொருத்தம். இன்னொரு வசதியும் அதில் உண்டு. செங்குத்தான 2:3 படங்கள் இரண்டை இடைவெளி இன்றி அருகருகே வைத்தால் கிடைப்பது சரியாக 4:3. கணினியில் அவ்வாறு இணைத்து ஒரே படமாகச் சேமித்துக்கொண்டால், ஆல்பத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைப் போல இரண்டும் திரையை முழுமையாக நிறைக்கும். மணமகனையும் மணமகளையும் இப்படி இணை சேர்த்துக் காட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

3:2 விகிதத்திலேயே திரை வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோ வகை இருக்கிறது. அது 2014ஆம் ஆண்டின் மூன்றாம் தலைமுறையிலிருந்தே அந்த விகிதத்தில் வருகிறது. 8.3 அங்குல ஐபேட் மினியின் திரையும் கிட்டத்தட்ட 3:2தான். ஆயினும் மினியில் விரியும் படம் 4ஆர் (4க்கு 6 அங்குல) அச்சைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். தெருவில் ஒருவருக்கு நின்றபடி காட்ட அது போதும். கூடத்தில் ஐந்தாறு பேர் சூழ்ந்து பார்க்கப் போதாது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 13 அங்குல அளவுதான். 11 அங்குலக் கருவி அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், 12.9 அங்குலப் பழைய ஐபேட் புரோ ஏறத்தாழ 680 கிராமும் இருக்கும். நீங்கள் இதுவரை சுமந்ததன் முன் இந்த 200 கிராம் ஒரு பொருட்டன்று. புதிதாகவே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. திரையில் கீறலும் கறையும் இல்லாத பழைய 12.9 அங்குலக் கருவி, புதிய 11 அங்குலக் கருவியைவிட உங்கள் வேலைக்கு நன்றாக உதவும்.

கேள்வி: தைப்பூசம், தீமிதி, பொங்கல் ஒளியூட்டு என்று பல ஆண்டுகளாக எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் என் டேப்லட்டில் இருக்கின்றன. பயணத்தில் அறிமுகமாகும் புகைப்பட நண்பர்களிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் விரலால் வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். எத்தனை படங்களை எந்த வரிசையில் வைப்பது?
– ஓய்வுநேரப் புகைப்படக் கலைஞர், உட்லண்ட்ஸ்

நண்பர்கள் மேல் குற்றமில்லை. நூற்றுக்கணக்கான படங்களைக் கையில் கொடுப்பது, இவற்றில் எது நல்லது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குச் சமம். ஒரு தொகுப்பில் 20 படங்கள் இருக்கட்டும்; மிஞ்சினால் 30. அதற்கு மேல் ஒரு படத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

எல்லாத் திருவிழாக்களையும் ஒரே தொகுப்பில் கலக்காமல், தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு இயல்பாகவே ஒரு பாதை இருக்கிறது: சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் காவடிகள் டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடிகின்றன. விடியுமுன் அலகு குத்தும் நேரத்தில் தொடங்கி, சாலை வழியே சென்று, காவடி இறக்கும் இடத்தில் முடித்தால் வெளிநாட்டவருக்கும் விளக்கம் இல்லாமலே நிகழ்வு புரியும். தீமிதி அப்படிப்பட்டதன்று. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் பூக்குழி ஒரே இடம், ஒரே செயல். அங்கே வரிசையைவிட முகங்களின் வேறுபாடுதான் முக்கியம். அதை 12 படங்களில் முடித்துவிடுங்கள். ஒரே ஆள் ஒரே இடத்தில் ஓடும் படங்கள் மூன்று இருந்தால் இரண்டு வீணாகிவிடுகின்றன என்பது என் கருத்து. இதை ஏற்காத தொழில்முறைக் கலைஞர்களும் இருக்கிறார்கள்.

வரிசையை அமைக்கும்போது செங்குத்துப் படங்களையும் கிடைமட்டப் படங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வைக்காதீர்கள். நான்கைந்து கிடைமட்டம், பிறகு சேர்ந்தாற்போலச் சில செங்குத்து என்று குழுக்களாக வைத்தால் பார்ப்பவர் கருவியைத் திருப்பினாலும் ஒரே முறைதான் திருப்புவார். கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணிட்டுப் பெயர் வைப்பது நல்லது. டேப்லட்டின் படச் செயலி படங்களை எடுத்த நாளின்படி அடுக்க முற்படும் என்பதால், தனி ஆல்பம் ஒன்றை உருவாக்கி, அதற்குள் நீங்கள் விரும்பும் வரிசையில் கையால் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை கலையவே கூடாது என்றால் படங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிவிடுங்கள். விரித்துப் பெரிதாக்கும் வசதியும் இருக்கும், யாராலும் இடம் மாற்றவும் முடியாது.

படங்களின் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. 2360 புள்ளி நீளமுள்ள டேப்லட் திரை அதில் ஏறத்தாழ 37 இலட்சம் புள்ளிகளைத்தான் ஒரே நேரத்தில் காட்டும். நீளப் பக்கம் 3000 புள்ளிகளாகக் குறைத்து, குறைத்த பிறகு திரைக்கென இலேசாகக் கூர்மையூட்டி, ஜேபெக் வடிவில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் ஓரிரு மெகாபைட்டில் அடங்கும்; யாரேனும் இரு விரலால் சற்று விரித்துப் பார்த்தாலும் தெளிவு கெடாது. சேமிக்கும்போதே இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். கோயில் படங்களில் அதனால் தீங்கில்லை; வீடுகளில் எடுத்த படங்களில் உண்டு.

கேள்வி: டேப்லட்டைக் கையில் கொடுத்ததும் சிலர் வேறு ஆல்பங்களுக்குள் நுழைந்து குடும்பப் படங்களைப் பார்க்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் செய்திகளும் திரையில் வந்து விழுகின்றன.
– ஒப்பனைக் கலைஞர், செங்காங்

ஐபேட்டில் அமைப்புகளுக்குள் அணுகல்வசதி என்ற பகுதியில் கைடட் ஆக்சஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், கடவு எண் இல்லாமல் அந்தச் செயலியைவிட்டு யாராலும் வெளியேற முடியாது. திரையின் சில பகுதிகளைத் தொட்டாலும் செயல்படாதபடி மூடிவைக்கவும் முடியும். ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்வது ஸ்கிரீன் பின்னிங். செயலியைவிட்டு வெளியேறுவதைத்தான் இவை தடுக்கும். படச் செயலிக்குள்ளேயே வேறு ஆல்பத்துக்குப் போவதை எளிதில் தடுக்க முடியாது. அதனால்தான் தொகுப்பைப் பிடிஎஃப் ஆகவோ தனிச் செயலியிலோ வைப்பது நல்லது என்கிறேன். செய்திகளை நிறுத்த விமானப் பயன்முறையைவிட உறுதியான வழி இல்லை. வைஃபையும் அணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக் கணினியில் சரியாகத் திருத்திய கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு, டேப்லட்டில் ஒரு நேரம் ஆரஞ்சு நிறமாகவும் இன்னொரு நேரம் கண்ணைக் கூசும்படியும் தெரிகிறது. எதை நம்புவது?
– புடவை, ஆடைகளுக்கு விளம்பரப் படம் எடுப்பவர், தெம்பனீஸ்

ஒரே கருவியில் ஒரே படம் நேரத்துக்கு நேரம் மாறித் தெரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் படத்தில் இல்லை. திரையைக் கண்ணுக்கு இதமாக்கவென்று கருவி தானே செய்யும் மாற்றங்களில் இருக்கிறது. ஐபேட்டின் ட்ரூ டோன், அறையின் விளக்கொளிக்கு ஏற்பத் திரையின் வெண்மையை மாற்றும். மஞ்சள் விளக்கு எரியும் உணவகத்தில் திரையும் மஞ்சளாகும், அரக்கு ஆரஞ்சாகும். மாலையானதும் இயங்கத் தொடங்கும் நைட் ஷிஃப்ட் இதை இன்னும் மிகுதியாகச் செய்யும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். தானியங்கி ஒளியளவையும் அணையுங்கள்; ஐபேட்டில் அது திரைப் பகுதியில் இராது, அணுகல்வசதிக்குள் ஒளிந்திருக்கும். சாம்சங்கின் ஓஎல்இடி திரைகளில் விவிட், நேச்சுரல் என இரு நிலைகள் உண்டு. கண்ணைக் கூசும் சிவப்பு முன்னதன் வேலை. படம் காட்டுவதற்கு நேச்சுரல் நிலையே ஏற்றது.

அடுத்தது படத்தின் நிற வரையறை, அதாவது கோப்பிலுள்ள எண்கள் எந்தெந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற ஏற்பாடு. படத்தை அடோபி ஆர்ஜிபி வரையறையில் சேமித்து, அத்தகவலைக் கோப்பில் பதியாமல் விட்டால், பார்க்கும் செயலி அதைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக்கொண்டு நிறங்களை மங்கலாகக் காட்டும். காட்டுவதற்கான பிரதிகளை எஸ்ஆர்ஜிபி வரையறையில், அத்தகவலையும் கோப்பில் பதித்துச் சேமியுங்கள். 2016 முதல் வந்த ஐபேட் புரோ வகைகள் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிற எல்லையைக் காட்ட வல்லவை என்பது உண்மைதான். அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும் அதில் கூடுதல் உயிரோடு தெரியும். ஆயினும் அதே படத்தை வாடிக்கையாளர் பிறகு தம் சாதாரணத் திரையில் பார்க்கும்போது நிறம் குறைந்துவிட்டதாக நினைப்பார். துணி விற்கும் வாடிக்கையாளரிடம் இந்தப் பேச்சே எழக்கூடாது. ஆகவே எஸ்ஆர்ஜிபி போதும். புடவைக் கடைக்காரர் நிறத்தைப் பற்றி வாதிட்டால், துணியின் சிறு துண்டு ஒன்றைத் திரைக்கு அருகில் வைத்துக் காட்டுவதற்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த அமைப்பும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஆர்வமாகக் கேட்டார். டேப்லட்டைத் திறந்தால் படங்கள் எல்லாம் மங்கலாகவே இருந்தன. தரையிறங்கி இணைய இணைப்புக் கிடைத்ததும் சரியாகிவிட்டது. ஏன்?
– பயணப் புகைப்படக் கலைஞர், புக்கிட் பாத்தோக்

ஐகிளவுடில் சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் தேர்வு இயங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது முழுப் படம் இணையக் கிடங்கில் இருக்கும்; கருவியில் சிறிய நகல் மட்டுமே இருக்கும். கூகள் ஃபோட்டோஸிலும் படங்களைக் கருவியிலிருந்து நீக்கி இடத்தை மீட்டிருந்தால் இதே நிலைதான். காட்டுவதற்கான படங்களைக் கருவியின் உள்ளேயே, ஃபைல்ஸ் செயலியிலோ தனிச் செயலியிலோ, தனிக் கோப்புறையாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னர்ச் சொன்ன அளவில் சேமித்த 40 படங்கள் 100 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. அதற்கு இடமில்லாத டேப்லட் இன்று விற்பனையில் இல்லை. புறப்படும் முன் விமானப் பயன்முறையை இயக்கி, ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

மின்னூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர் பேங்கைக் கொண்டு கருவிகளுக்கு மின்னூட்டக்கூடாது. விமானத்தின் யூஎஸ்பி முனையில் பவர் பேங்குக்கு மின்னூட்டவும் கூடாது. எடுத்துச் செல்லலாம், அதுவும் கைப்பையில் மட்டும். பவர் பேங்கின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் தனி அனுமதி தேவையில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே இறங்கியதும் நேரே சந்திப்புக்குச் செல்பவர்கள் சாங்கியிலேயே முழுதாக மின்னூட்டிக்கொண்டு ஏறுவது நல்லது. நம் மூன்று சதுர முனைப் பிளக் சென்னையிலும் பொருந்தாது, தோக்கியோவிலும் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். மின்னழுத்தம் வேறுபட்டாலும் டேப்லட்டின் மின்னூட்டி பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் முனை மாற்றி ஒன்று போதும்.

கேள்வி: மண்டபத்தில் இருபது பேருக்கு ஒரே நேரத்தில் காட்ட வேண்டியிருந்தால்?
– சமூக மன்றப் புகைப்படக் குழு உறுப்பினர், அங் மோ கியோ

தொலைக்காட்சியில் இணைத்துக் காட்டுங்கள். யூஎஸ்பி-சி முனையை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு இணைப்பியும் சொந்தமாக ஒரு கம்பியும் பையில் இருக்கட்டும். கம்பியில்லா இணைப்பு அடுத்தவர் வைஃபையை நம்பியிருப்பதால் அது வேண்டாம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லட்டுகள் பலவற்றின் யூஎஸ்பி-சி முனை மின்னூட்டத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டுமே பயன்படும், படத்தை வெளியே அனுப்பாது. வாங்குமுன் கடையிலேயே இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒருவரின் திருமணப் படத்தை வெளிநாட்டில் இன்னொருவருக்கு என் வேலையின் மாதிரியாகக் காட்டலாமா? படம் யாருக்குச் சொந்தம்?
– படப்பிடிப்பாளர், ஜூரோங்

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவர் கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் எடுத்தவரே முதல் உரிமையாளர். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். நிறுவனத்தில் ஊழியராக இருந்து எடுத்த படங்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் உரிமை பொதுவாக முதலாளிக்கு உரியது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ நேர்மாறானது. வேறு உடன்பாடு இல்லையெனில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே புகைப்படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது. தமிழ்நாட்டுக் குடும்பத்துக்காக அங்கே போய் எடுத்துத் தரும் நம் படப்பிடிப்பாளர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அனுமதி கேட்டுக்கொள்வதே முறை. திருமணம் வீட்டு விசேஷம்; நம் சமூகத்தில் உறவினர் வட்டம் கடல் கடந்தும் நீள்கிறது. மதுரையில் நீங்கள் காட்டும் படத்தில் இருப்பவர், பார்ப்பவருக்குச் சித்தி மகளாக இருக்கக்கூடும். ஒப்பந்தத் தாளிலேயே, படங்களை மாதிரியாக நேரில் காட்டலாமா, இணையத்தில் இடலாமா, இரண்டும் வேண்டாமா என்று மூன்று கட்டங்களை அமைத்து வாடிக்கையாளரைக் குறியிடச் சொல்லுங்கள். நேரில் காட்டுவதற்குத் தயங்காமல் இசைபவர்கள் இணையத்துக்கு மறுப்பது இயல்பு. இரண்டையும் ஒரே வரியில் கேட்டால் இரண்டும் கைவிட்டுப் போகும். குழந்தைகள் உள்ள படங்களையும், நலுங்கு போன்ற வீட்டுக்குள் நடக்கும் சடங்குப் படங்களையும் தனியாகக் கேட்டுப் பெறுங்கள். சிக்கலான ஒப்பந்தங்களுக்கு வழக்கறிஞரை நாடுங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் புகைப்படம் பயில்கிறேன். கம்போடியாவின் சியம் ரீப்பில் நடக்கும் அங்கோர் புகைப்பட விழாவுக்கும், பின்னர்ச் சென்னை ஃபோட்டோ பினாலேக்கும் போய்வர ஆசை. மூத்த கலைஞர்களிடம் என் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்க அச்சுப் படங்களைக் கொண்டுபோவதா, டேப்லட்டா? வகுப்பில் இருவிதமாகவும் சொல்கிறார்கள்.
– மாணவி, தோ பாயோ

எதற்காகக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, தங்கையே. 2005 முதல் நடந்துவரும் அங்கோர் விழாவிலும், 2016இல் தொடங்கிய சென்னை பினாலேயிலும், நம் ஊரில் 2008 முதல் நடக்கும் சிங்கப்பூர் அனைத்துலகப் புகைப்பட விழாவிலும் கலைஞர்களை எதிர்பாராத இடங்களில் சந்திப்பீர்கள்: கண்காட்சி வாசலில், தேநீர்க் கடையில், இரவுத் திரையிடலுக்குக் காத்திருக்கும்போது. அப்போது அச்சுப்பெட்டியைத் திறக்க முடியாது. டேப்லட்டில் 15 படங்கள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு அவர் சொல்வதைக் கேட்கலாம். இருட்டிலும் அது ஒளிரும்.

நேரம் குறித்து மேசையில் அமர்ந்து நடக்கும் படத்தொகுப்பு மதிப்பாய்வு வேறு வகை. அத்தகைய சந்திப்புக்குப் பல விழாக்களில் 20 நிமிடம்தான் கிடைக்கும். அங்கே மதிப்பிடுபவர் படங்களை மேசை முழுவதும் பரப்பி, மூன்றாவதை முதலாவதாக்கி, நான்கைத் தள்ளிவைத்து, இரண்டை அருகருகே நகர்த்திக் காட்டுவார். நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது அந்தக் கைகளின் அசைவிலிருந்துதான். திரையில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் தெரியும். ஒன்றோடு ஒன்று பேசும் படங்களை அங்கே ஒன்றாகப் பார்க்க இயலாது. ஆகவே அந்தச் சந்திப்புக்கு 20 சிறிய அச்சுகளைக் கொண்டு செல்லுங்கள். விலையுயர்ந்த கலைத்தாள் தேவையில்லை. 4ஆரைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். விழாவின் அறிவிப்பில் எதைக் கொண்டுவர வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

இரண்டையும் எடுத்துச் செல்வதே என் பரிந்துரை. அச்சில் முதன்மையான தொடர் ஒன்று. டேப்லட்டில் அதே தொடரும், வேறு என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டால் காட்ட இன்னும் இரண்டு சிறு தொடர்களும். கேட்காமல் அவற்றைத் திறக்க வேண்டாம். புறப்படுமுன் மிடில் ரோட்டில் உள்ள ஒப்ஜெக்டிஃப்ஸ் புகைப்பட, திரைப்பட மையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்குள்ள கண்காட்சிகளில் தொடர் ஒன்றை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்பதைச் செலவின்றிக் கவனிக்கலாம்.

கேள்வி: புலாவ் ஊபினில் சைக்கிளில் சுற்றும் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பறவைப் படங்களைக் காட்டும் பழக்கம் எனக்கு உண்டு. வெயிலில் திரையே தெரிவதில்லை. சில வேளை டேப்லட் சூடாகி நின்றுவிடுகிறது. பளபளப்பில்லாத மேட் ஒட்டுத்தாள் உதவுமா?
– பறவைப் படக் கலைஞர், பாசிர் ரிஸ்

ஒட்டுத்தாள் பிரதிபலிப்பைக் குறைக்கும். கூடவே இறகின் நுண்ணிய கோடுகளையும் மங்கச் செய்து, வெண்பரப்பில் மணல் தூவியது போன்ற தோற்றத்தைத் தரும். பறவைப் படங்களுக்கு அது பெரிய இழப்பு. நிழலுக்குப் போவதே வழி. சாதாரண ஐபேட்டின் திரை அதிகபட்சம் 500 நிட் (திரை ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளிரும். நடுப்பகல் வெயிலுக்கு அது ஈடுகொடுக்காது. ஆப்பிள் தன் டேப்லட்டுகளுக்குக் கூறும் இயங்கு வெப்பநிலை 35 பாகை வரைதான். நம் ஊரின் வழக்கமான பிற்பகலே 31, 32 பாகையாக இருக்கும்போது, நேர் வெயிலில் கறுப்புத் திரை அந்த எல்லையைக் கடக்க அதிக நேரம் ஆகாது. முதலில் ஒளி தானே குறையும், பிறகு எச்சரிக்கை வந்து நின்றுவிடும். குளிரவைக்கவென்று பனிக்கட்டிப் பையில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் படியும். பார்ப்பவர் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் திரை ஒரு திசையில் இருண்டு தெரியும். டேப்லட்டைத் திருப்பிப் பிடியுங்கள், அல்லது கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு வாங்கிய ஐபேட். படம் காட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிடோக்

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஐயா. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த மூன்றாம் தலைமுறைக் கருவியானால் அதன் திரை 2048க்கு 1536 புள்ளிகள். படம் பார்க்க இன்றும் குறைவற்றது. புதிய செயலிகள் அதில் ஏறாது, இணையமும் தடுமாறும். இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை. பழைய அகல முனைக் கம்பியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், கடைகளில் அது கிடைப்பது அரிதாகிவருகிறது. மின்கலம் உப்பித் திரை எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு, மின்கழிவுத் தொட்டியில் போடலாமா என்பதை அதன் மேலுள்ள குறிப்பில் பார்த்தபின் ஒப்படையுங்கள். விமானத்தில் மட்டும் கொண்டு ஏறிவிடாதீர்கள்.